வெளிச்சக் கூரை போடுகிறவர்கள் தகட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் எங்கள் வாப்பா காலத்திலிருந்து நடந்துவருகிற கைத்தறிக் கூடத்தின் கூரையில் 2023 மார்ச்சில் வெயில் ஊடுருவும் ஆறு பிளாஸ்ரிக் வெளிச்சத் தகடுகளும், அவற்றின் கீழே வெளிச்சம் ஊடுருவும் சீலிங்கும் போட்டேன். செலவு 4,20,000 ரூபாய். வெயிலும் மழையும் ஒரு சுற்று வந்து போவதற்குள் அந்தக் கூரை ஒழுகியது, கூடம் முன்பைவிடச் சூடானது, மேலிருந்து விழுந்த வெளிச்சமும் மஞ்சளாகத் தொடங்கியது. வேலை செய்தவரின் பெயரையோ ஊரையோ நான் எழுதப்போவதில்லை. இதே வேலைக்கு இந்தப் பக்கத்தில் இப்போது பலர் விலை கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும் என்பதால், எங்கே ஏமாந்தேன் என்பதை மட்டும் விபரமாகச் சொல்கிறேன்.

எங்கள் பழைய கூடம் 2004 டிசெம்பர் 26 கடலோடு போய்விட்டது. பிறகு உள்ளே தள்ளிக் கட்டிய கூடத்தின் இரண்டு பக்கமும் அயல் வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால், ஜன்னல் வைக்க இடமில்லை. பகலிலும் மின்குமிழ் எரித்தே நெய்தோம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதமும் ஏறியபோது, நான்கு தறிக்கு மேலே பகல் முழுவதும் விளக்கெரிப்பது கட்டுப்படியாகவில்லை. அதைவிடப் பெரிய காரணம் நிறம். கருநீல நூலையும் கறுப்பு நூலையும் குழல்விளக்கின் கீழே பிரித்தறிய முடியாமல் நூற்கண்டை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிற நிலை எங்களுக்கு இருந்தது. கூரையிலிருந்து பகல் வெளிச்சம் நேராகத் தறிமேல் விழுந்தால் இரண்டு கவலையும் தீரும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்றைக்கும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வேலைக்கு விலை பேச வந்தவர் மரியாதையாகப் பேசினார். "காக்கா, மேல இரட்டைச் சுவர்த் தகடு, கீழ பால்வெள்ளைச் சீலிங். வெளிச்சம் வரும், சூடு வராது. பத்து வருசத்துக்கு நான் பொறுப்பு" என்றார். கையில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக்கின் மாதிரித் துண்டு ஒன்றைத் தந்தார். இரண்டு தோலுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளாகக் காற்று அடைபட்டிருக்கும் அந்தத் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டேன். விலைமனுவைக் கைபேசியில் அனுப்பினார். அதில் "லைற் சீற் 6, சீலிங் 240 சதுர அடி" என்பதைத் தவிர, தடிப்போ, பொருளின் பெயரோ, கீழே போடுவது எந்த பிளாஸ்ரிக் என்பதோ ஒரு சொல்கூட இல்லை. அதை வாசித்துவிட்டு 2,50,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன்.

"வெளிச்சம் வரும், சூடு வராது" என்ற வாக்கை அப்படியே நம்பியதுதான் என் முதல் தவறு. வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற மீதி வெளிச்சமும் நூலிலும் நிலத்திலும் பட்டு உறிஞ்சப்பட்டவுடன் சூடாகவே மாறுகிறது. தகட்டுக்குள் அடைபட்ட காற்று, வெளிச் சூடு தொட்டுத் தொட்டு உள்ளே இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும். ஊடுருவி வருகிற கதிரை அது தடுக்காது. குளிர்நாட்டில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் காப்பதற்கு இந்தத் தகடு மிக நல்லது. நமக்கு வேண்டியது வேறு. ஏப்ரல் 5 முதல் 15 வரையும் ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் முதல் வாரம் வரையும் சூரியன் இந்த நாட்டின் உச்சிக்கு நேராக வருகிற காலத்தில், கூரையின் எந்தச் சரிவில் தகடு வைத்தாலும் நடுப்பகல் வெயில் அதன்மேல் விழும். ஆகவே இங்கே தகட்டின் அளவைக் குறைப்பது, தெளிந்த தகட்டுக்குப் பதிலாகப் பால்வெள்ளைத் தகடு எடுப்பது, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே சூடான காற்று வெளியேற இரு பக்க முக்கோணச் சுவரிலும் துவாரம் விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் கிடைக்கும். எங்கள் சுவரில் ஏற்கெனவே இருந்த துவாரங்களை, தூசி வரும் என்று சொல்லி அவர் சீமெந்தால் பூசி அடைத்தார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை நடந்த இரண்டாம் நாள் நடந்ததை எழுதாமல் விட முடியாது. கூரை அஸ்பெஸ்டஸ். தகடு பொருத்துவதற்கு அதை வெட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் தெளிக்காமல், வாயில் ஒரு துணியும் கட்டாமல், இரண்டு இளம் பையன்கள் கூரைமேல் குந்தியிருந்து கிறைண்டரால் வெட்டினார்கள். வெள்ளைத் தூள் தறிகளின் மேலும், தறியில் நீளவாட்டில் ஏற்றச் சுற்றிவைத்த பாவு நூலின் மேலும், எங்கள் தலையிலும் மாவு சலித்ததுபோல இறங்கியது. எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதை நான் பிறகுதான் வாசித்தேன். முழுத் தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, அதே நெளிவுள்ள வெளிச்சத் தகட்டை அந்த இடத்தில் வைத்திருந்தால் வெட்டவே தேவைப்பட்டிருக்காது. அந்தப் பையன்களை அன்றைக்கே நிறுத்தச் சொல்லாதது பணம் போனதைவிட என்னை அதிகம் வருத்துகிறது.

ஏப்ரலில் கூடத்துக்குள் நிற்க முடியவில்லை. தறிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் வெப்பமானி முந்திய வருடங்களில் பகல் ஒரு மணிக்கு 35, 36 காட்டும். அந்த ஏப்ரலில் 39 காட்டியது. மே மாதம் கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்றுத் தொடங்கிய பிறகு நெசவுகாரப் பெண்கள் காலை ஆறரைக்கு வந்து பத்து மணிக்கே எழுந்துபோனார்கள். சீலிங் தகடுகள் ஒவ்வொன்றாக நடுவில் தொய்ந்து வயிறு வைத்தன. தொலைபேசியில் சொன்னபோது, "புதுசு காக்கா, கொஞ்ச நாளில செட்டாகும்" என்றார்.

நவம்பரில் வாடை திரும்பி மழை பிடித்த மூன்றாம் நாள் இரவு, ஒழுக்கு நேராக ஒரு தறியின் பாவில் இறங்கியது. சிவப்பு நூலின் சாயம் பக்கத்து வெள்ளை நூலில் கசிந்து, பதினெட்டுச் சாரனுக்கான (லுங்கிக்கான) பாவு முழுவதும் வீணானது. விடிந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தகட்டின் ஒவ்வொரு ஆணித் துளையைச் சுற்றியும் மயிர் போன்ற வெடிப்புகள் சிலந்தி வலையாகப் பிரிந்திருந்தன. பொலிகாபனேற் வெயிலில் நீளும். ஒரு மீற்றருக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.065 மில்லிமீற்றர். இரவு 25 பாகையாகவும் நடுப்பகலில் கூரைமேல் 65 பாகையாகவும் இருந்தால், எட்டடித் தகடு ஆறு மில்லிமீற்றருக்கு மேல் நீண்டு சுருங்க வேண்டும். அதற்காகத்தான் துளையை ஆணியைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாசர் வைத்து, இறுக்காமல் முடுக்க வேண்டும். இவர்கள் துளையே போடாமல் ஆணியைத் தகட்டுக்குள் நேராக முறுக்கி இறக்கியிருந்தார்கள். ஓரங்களில் அப்பிய சிலிக்கன், பூசிய நாளில் வினாகிரி மணம் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மணம் வருகிற வகை பொலிகாபனேற்றுக்கு ஆகாது. நடுநிலைச் சிலிக்கன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தகட்டின் உள்ளறைகளைக் கூரைச் சரிவின் வழியே மேலிருந்து கீழாக ஓடவிட வேண்டியதற்குப் பதிலாகக் குறுக்கே போட்டிருந்தார்கள். மேல் முனையை அலுமினிய நாடாவால் முழுவதும் மூடி, கீழ் முனையை ஈரம் வெளியேறக்கூடிய துளை நாடாவால் மூடுவதுதான் முறை. இங்கே எந்த முனையிலும் நாடா இல்லை. உள்ளே நின்ற தண்ணீரில் பச்சைப் பாசி கோடு கோடாகப் படிந்திருந்தது. கீழே சீலிங்கில் முதல் மழைக்கு வந்த ஈசல்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. தறியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் அவற்றின் ஒவ்வொரு இறகும் நிழலாகத் தெரிந்தது.

பொருளிலேயே ஏமாற்று இருந்தது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. டிசெம்பரில் கண்டுப் பெட்டியை நகர்த்தியபோது அதன் பின்னால் வெட்டிப்போட்ட ஒரு துண்டு கிடைத்தது. அடிமட்டத்தில் அளந்தேன்: 6 மில்லிமீற்றர். உறுதிப்படுத்த அதை ஓரடிக்கு ஓரடியாக நறுக்கி, நூல் நிறுக்கும் தராசில் வைத்தேன். 118 கிறாம் நின்றது. இரட்டைச் சுவர்த் தகடு 10 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒரு சதுர மீற்றர் சாதாரணமாக 1.7 கிலோவும், 6 மில்லிமீற்றர் என்றால் 1.3 கிலோவும் இருக்கும். ஓரடிச் சதுரத்துக்கு அது முறையே 158 கிறாமும் 121 கிறாமும் ஆகிறது. 10 மில்லிமீற்றருக்குக் காசு வாங்கி 6 மில்லிமீற்றரைப் போட்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் நீங்கியது. பொருத்திய பிறகு விளிம்பு சட்டத்துக்குள் மறைந்துவிடுவதால் கீழே நிற்கிறவருக்கு இது தெரியவே வராது.

சீலிங் அக்ரிலிக் என்று சொல்லப்பட்டது. தொய்ந்து விழுந்த ஒன்றின் மூலையைச் சிறிதாக உடைத்து, முற்றத்தில் குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். அக்ரிலிக் அதிகம் புகையாமல் எரியும். இது கரும்புகை விட்டு, கரி நூல் நூலாகப் பறக்க, சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. அது பொலிஸ்ரைரீன். நூலும் பஞ்சுத் தூசியும் நிறைந்த கூடத்தில், மின்கம்பிகள் ஓடுகிற இடைவெளிக்குக் கீழே அதைப் போட்டிருந்தார்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன்.

மஞ்சளாவது பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆறு தகட்டில் நான்கு அடுத்த வருடத்துக்குள் நன்றாக மஞ்சளித்தன, இரண்டு வெள்ளையாகவே இருக்கின்றன. ஆகவே தகடு போலி என்று நான் சொல்லமாட்டேன். இந்த வகைத் தகட்டில் புறஊதாக் கதிரைத் தாங்கும் படலம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது மேலே ஒட்டிய மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வேலைக்காரர்கள் அந்தத் தாளை நிலத்தில் வைத்தே உரித்துவிட்டுக் கைக்கு வந்த பக்கத்தை மேலே வைத்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் பச்சைக்குச் சாய்ந்து தெரிந்ததால், இரண்டு சாயத் தொகுதி நூலை ஒன்றென்று நினைத்து நெய்துவிட்டோம். அக்கரைப்பற்றுக் கடைக்காரர் முப்பது சாரனைத் திருப்பி அனுப்பினார்.

பணத்தைத் திரும்பப் பெற முயன்ற கதை நீளமானது. தேவையானதை மட்டும் சொல்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஆனால் பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் "செட்டாகும்" என்றும், ஜூனில் "ஆள் அனுப்புகிறேன்" என்றும் அவர் சொன்னதைக் கேட்டு நான் காத்திருந்தபோது அந்த மூன்று மாதம் ஓடிவிட்டது. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை முதல் மாதமே அழைத்திருக்க வேண்டும். பிறகு, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனேன். அங்கே தராசில் வைத்த துண்டையும் மாதிரித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அவரால் மறுக்க முடியவில்லை. 1,50,000 ரூபாயைத் தவணையில் தருவதாகக் கையெழுத்திட்டார். முதல் தவணையாக 25,000 வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை.

இப்போது கூடத்தின் பாதிக்கு மட்டும் கூரையைத் திருத்தியிருக்கிறேன். வெட்டாமல், முழு நெளிவுத் தகட்டின் இடத்தில் பால்வெள்ளை நெளிவுத் தகடு மூன்று. அச்சிட்ட தாளை மேலே பொருத்தும் நேரத்தில் என் கண் முன்னாலேயே உரிக்கச் சொன்னேன். துவாரங்களை மறுபடி திறந்து, ஈசல் நுழையாமல் வலை அடித்தாயிற்று. சீலிங் போடவில்லை. விலைமனுவில் தடிப்பு, பொருள், நிறம், ஆணியின் வாசர், சிலிக்கனின் வகை எல்லாம் எழுத்தில் இருந்தன. வேலை செய்த ஓடாவி வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் என்னிடமே தந்துவிட்டுப் போனார். மற்றப் பாதிக்குப் பணம் சேரும்வரை அந்தப் பக்கத்து இரண்டு தறியிலும் வெள்ளைச் சாரன் மட்டும் நெய்கிறோம்.