மிஸ் அடிக்கிற டீசல் பிக்கப்பும் என் ஒன்றேகால் இலட்சமும்

வன்னியில் பழைய டீசல் பிக்கப் வைத்து ஓடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி ஒருநாள் மிஸ் அடித்து (இஞ்சின் விட்டு விட்டு வேலை செய்து உதறி), அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது என்றால், கராஜுக்குக் கொண்டுபோக முதல் வாசித்துவிடுங்கள்.

என்னுடையது 1994 மொடல் ஹைலக்ஸ், 2.8 லீற்றர் 3எல் இஞ்சின். மீள்குடியேறிய பிறகு, 2013இல், மனைவியின் நகையையும் விற்று வாங்கியது. மல்லாவிப் பக்கத்தில் நெல், உழுந்து, கச்சான் ஏற்றித்தான் எங்கள் வீடு ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பிக்கப்புகளின் விலை ஏறிய ஏற்றத்தில், இதை விட்டு வேறொன்று எடுப்பதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. பிறகு கராஜில் கேட்ட காசை எல்லாம் பயந்துபோய்க் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காலபோக அறுவடை நேரம்தான் இந்தக் கோளாறு தொடங்கியது. சமதரையில் 60இல் போகும்போது திடீரென்று வண்டி உதறும், இழுவை விழும், வெள்ளைப் புகை கொஞ்சம் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். காலையில் ஸ்ராட் எடுக்கவும் கஷ்டம். டீசல் பில்டருக்கு மேலே இருக்கும் கைப்பம்பை இருபது தடவையாவது அமுக்க வேண்டும்.

ஏ9 வீதியோரத்தில் பெயர்பெற்ற ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். முதலாளி வண்டியில் ஏறவே இல்லை. நின்ற இடத்தில் இஞ்சினை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நொசில் நாலும் போட்டுது" என்றார். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற சாமான்தான் நொசில். 38,000 ரூபா. பழைய நொசில்களைக் கேட்டேன். "அதுகளை எறிஞ்சாச்சு அண்ணை, உங்களுக்கு ஏன்?" என்றார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். வண்டியை எடுத்தவுடன் பெற்றோல் செட்டில் தாங்கி நிறைய டீசல் அடித்துக்கொண்டு வவுனியா போய் வந்தேன். அருமையாக ஓடியது. நாலாம் நாள் பழையபடி உதறல்.

திரும்பப் போனேன். இந்த முறை டீசல் பம்ப் (நொசிலுக்கு டீசலைத் தள்ளுகிற இஞ்செக்ஷன் பம்ப்) என்றார்கள். பத்து நாள் வண்டி அங்கேயே நின்றது, அறுவடை முடியும் நேரத்தில். 82,000 ரூபா. மறுபடி தாங்கி நிறைய அடித்தேன், மறுபடி நாலைந்து நாள் நல்ல ஓட்டம்.

பிறகு ஒரு இரவு, மாங்குளம் - ஒட்டுசுட்டான் வீதியில், 14 மூட்டை நெல்லோடு வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. யானை நடமாடும் இடம், ஃபோன் சிக்னலும் ஒழுங்காக இல்லை. மகனும் கூட இருந்தான். கைப்பம்பை அமுக்கி அமுக்கி ஸ்ராட் எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. அந்த முக்கால் மணித்தியாலத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை கராஜ்காரர் சொன்னது: "ஹெட் கஸ்கட் அண்ணை. இஞ்சினை முழுக்கச் செய்யவேணும். மூண்டரை இலட்சம் வரும்." கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) அளந்து பாருங்கள் என்றேன். தேவையில்லையாம், அனுபவத்தில் தெரியுமாம். ஹெட் கஸ்கட் போனதற்கு அடையாளமாக ரேடியேற்றரில் தண்ணீர் குறையவும் இல்லை, குமிழி வரவும் இல்லை. வண்டியை எடுக்கப் போனபோது "பார்த்த கூலி" என்று 6,000 ரூபா வாங்கிக்கொண்டுதான் திறப்பைத் தந்தார்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார் என்று மச்சான் சொன்னார். அவர் ஸ்பானரைத் தொட முதல் அரை மணித்தியாலம் கேள்விதான் கேட்டார். சூட்டிலா, குளிரிலா? ஏற்றத்திலா, சமதரையிலா? காலையில் எப்படி? "தம்பி, மிஸ் அடிக்கேக்கை தாங்கியில எவ்வளவு டீசல் கிடந்தது?" என்று கேட்டார். வாடகைக் கணக்குக்காக நான் டீசல் அடிப்பதைக் கொப்பியில் எழுதி வைப்பேன். இருவரும் அதைத் திறந்து பார்த்தோம். உதறிய நாட்கள் எல்லாம் தாங்கி அரைவாசிக்குக் கீழே இருந்த நாட்கள். எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது.

இந்த இஞ்சினில் தாங்கியில் இருந்து டீசலைத் தள்ளிவிடத் தனிப் பம்ப் இல்லை. இஞ்செக்ஷன் பம்பே அங்கிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். தாங்கி நிறைந்திருந்தால் டீசல் மட்டம் உயரம், பம்புக்கு இழுக்கிற பாடு குறைவு. மட்டம் இறங்க இறங்க அது பலமாக இழுக்கும், காற்றும் கூடும். இரவில் நிறுத்தி வைத்தால் குழாயில் நிற்கும் டீசல் தாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். காலை ஸ்ராட் கஷ்டத்துக்கு அதுதான் காரணம். நான் ஒவ்வொரு முறையும் வண்டியை எடுத்தவுடன் தாங்கியை நிரப்பினேன். நல்ல பெயர் நொசிலுக்கும் பம்புக்கும் போனது.

சொன்னதோடு அவர் விடவில்லை, கண்ணால் காட்டினார். முதலில் சும்மா ஓடவிட்டு, நொசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினார். நாலுக்கும் இஞ்சின் வேகம் ஒரே அளவாகக் குறைந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் பழுதென்றால் அதைத் தளர்த்தும்போது மாற்றமே தெரியாதாம். ஆகவே குறை நாலுக்கும் பொதுவான இடத்தில். (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.) பிறகு பில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் ஹோஸ் ஒரு துண்டு போட்டார். இஞ்சினை முறுக்க முறுக்கச் சரம் சரமாகக் குமிழிகள். அடுத்து டீசல் விட்ட 5 லீற்றர் கான் ஒன்றைப் பொனற்றோடு கட்டி, பம்புக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் அதற்குள் விட்டு, என்னையே ஓட்டச் சொன்னார். முல்லைத்தீவு வீதியில் போய் வந்தோம். ஒரு உதறலும் இல்லை. ஆகவே குறை தாங்கியில் இருந்து வரும் குழாயில்தான்.

வெடிப்பு வண்டிக்கு அடியில், இரும்புக் குழாயோடு றப்பர் ஹோஸ் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் இருந்தது. அந்த இடத்துச் சேசிஸில் மட்டும் செம்புழுதி ஈரமாக அப்பியிருந்தது. தாங்கி நிறைந்திருந்த நாட்களில் கசிந்த டீசல் அது. கீழே குனிந்து பார்த்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்கும். ஹோஸும் கிளிப்பும் 1,400 ரூபா, அவருடைய கூலி 3,000.

அப்புறம் நான் வற்புறுத்தி "புது" நொசிலில் ஒன்றைக் கழற்றச் சொன்னேன். அடியில் இருந்த செப்பு வாஷர் கரியேறிக் கறுத்து, ஹெட்டோடு ஒட்டிக் கிடந்தது. டீசலில் ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. "இது வருசக்கணக்காத் தொடாத நொசில் தம்பி" என்றார். பம்பைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள், ஆனால் திறந்ததற்கு அடையாளமே இல்லை. பிழையாகக் கணித்த மெக்கானிக்கை மன்னிக்கலாம். மாற்றாத சாமானுக்குக் காசு வாங்கியது களவு.

என்னைப்போல் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். பழுதை மெக்கானிக்கும் நீங்களும் சேர்ந்து பார்க்கும்வரை எந்தச் சாமானும் வாங்க விடாதீர்கள். மிஸ் அடித்த ஒவ்வொரு தடவையும் தாங்கி அளவு, வேகம், சூடு, மழை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கழற்றிய பழைய சாமான் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். பெற்றோல் வண்டி என்றால் கதை வேறு: பிளக் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, சூடேறினால் விடுகிற கொயில். இருட்டில் பொனற்றைத் திறந்து பார்த்தால் கசிகிற வயரில் பொறி தெரியும்.

ரசீது கட்டாயம் கேளுங்கள். என்னிடம் இருப்பது துண்டுக் கடதாசி ஒன்றுதான், அதுவும் பம்புக்கு மட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நொசிலுக்கு எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பம்புக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஐயா தந்த பிளாஸ்ரிக் ஹோஸ் துண்டு என்னிடம் இருக்கிறது. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் யாருக்காவது வண்டி இப்படி உதறினால் வந்து இரவல் எடுத்துப் போகலாம்.