ரிமோட் டெஸ்க்டாப்பை ஃபோனில் வைத்து மூன்று வருடம்: படம் பிரமாதம், கீபோர்டுதான் பாடு

“வீட்டில் இருக்கும் விண்டோஸ் கணினியை வெளியில் இருக்கும்போது ஃபோனிலேயே இயக்கலாமா? எந்த ஆப் நல்லது?” என்று நண்பர் கேட்டார். இயக்கலாம். ஆனால் ஆப் எது என்பது இதில் சின்ன விஷயம். படம் வருவதில் இன்று எந்த ஆப்புக்கும் பெரிய குறையில்லை. எழுத ஆரம்பிக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கணினியில் விண்டோஸ் ப்ரோ இருந்தால் அதனுடனே வரும் ஆர்டிபியை (மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் முறை) பயன்படுத்துங்கள். ஹோம் பதிப்பு ஆர்டிபி இணைப்பை ஏற்காது. ஹோம் வைத்திருப்பவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க், க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற ஆப்கள்தான் வழி. ஆர்டிபிக்கும் இவற்றுக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. ரஸ்ட்டெஸ்க் வகை ஆப்கள் மானிட்டரில் தெரிவதை அப்படியே பிடித்து அனுப்புகின்றன. 1920×1080 திரையை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கினால் எழுத்து எறும்பாகத்தான் தெரியும். ஆர்டிபி ஃபோனுக்கென்றே தனி அளவில் திரையை வரைகிறது. டிஸ்ப்ளே அமைப்பில் 1280×720 என்று வைத்து ஸ்கேலிங்கைக் கூட்டினால் மெனுக்களை விரலால் தொட்டு வேலை செய்யலாம். இணைப்பு அறுந்தாலும் திறந்திருந்த கோப்புகள் அப்படியே இருக்கும், மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்றுவரை எனக்கு அலுக்காத வசதி இது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆர்டிபியில் நுழைந்ததும் வீட்டுத் திரை பூட்டிக்கொள்ளும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றைக் காட்டிச் சொல்லித்தர வேண்டுமென்றால் திரையைப் பிடித்து அனுப்பும் ஆப்தான் சரி.

அமைக்கும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பாஸ்வேர்டு. தினமும் நான்கு இலக்கப் பின் போட்டுத் திறப்பவர்கள் அதையே ஃபோனிலும் போட்டுப் பார்ப்பார்கள். அது அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் பின், வெளியிலிருந்து செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். அதைப் போட்டும் மறுத்தால், சைன் இன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஹலோ வழியாக மட்டுமே அனுமதி என்ற தேர்வை அணைத்து, கணினியைப் பூட்டி, ஒருமுறை நேரில் பாஸ்வேர்டு போட்டே திறங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

ரவுட்டரில், ஆர்டிபி இணைப்பு வரும் வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். திறந்த 3389-ஐத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓய்வதில்லை. 2019-இல் வெளியான புளூகீப் என்ற ஆர்டிபி பாதுகாப்பு ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய வழி கொடுத்தது. போர்ட் எண்ணை மாற்றினாலும் ஸ்கேன் செய்பவர் கண்டுபிடித்துவிடுவார். டெயில்ஸ்கேல் போன்ற, வயர்கார்டு நெறிமுறை அடிப்படையிலான விபிஎன்னை (இணையத்துக்குள் மறையாக்கம் செய்த தனிப் பாதை) ஃபோன், கணினி இரண்டிலும் நிறுவி, அது கணினிக்குத் தரும் 100 என்று தொடங்கும் முகவரிக்கு இணைந்தால் போர்ட்டே திறக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு அமைப்புகளை மறக்காமல் செய்யுங்கள். கணினியில் ‘ரன் அனட்டெண்டட்’ போடாவிட்டால், அப்டேட்டுக்குப் பின் கணினி ரீஸ்டார்ட் ஆனதும், யாராவது நேரில் லாகின் செய்யும்வரை விபிஎன் எழாது. டெயில்ஸ்கேலின் கீ (கணினியை அடையாளம் காட்டும் சாவி) இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஊரில் இல்லாத நாளில்தான் அது காலை வாரும்.

கணினி தூங்கிவிட்டால் எந்த ஆப்பும் உதவாது. தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் இருக்கிறதே என்பீர்கள். எழுப்புவதற்கு அது அனுப்பும் 102 பைட் ‘மேஜிக் பாக்கெட்’ உள்ளூர் நெட்வொர்க்குக்குள் பரப்பப்படுவது. விபிஎன் வழியாக அது நேரே போய்ச் சேராது. வீட்டில் எப்போதும் ஓடும் இன்னொரு கருவி அதை அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்துவிடுவதே நல்லது.

இனி கீபோர்டு. இது ஒரு ஆப்பின் பிழையாக இருந்தால் ஆப்பை மாற்றிவிடலாம். கோளாறு அடியிலேயே இருக்கிறது. மேசைக் கீபோர்டு ‘இந்த விசை அமுங்கியது, விட்டது’ என்று சொல்கிறது. ஃபோன் கீபோர்டு விசையைச் சொல்வதில்லை. சொல்லை உருவாக்கி, திருத்தி, பிறகு எழுத்தாகக் கொடுக்கிறது. நடுவில் இருக்கும் ஆப் அதை மறுபடி விசைகளாக மாற்றி அனுப்ப வேண்டும். ஆட்டோகரெக்ட் ஒரு சொல்லை மாற்றினால், அந்தப் பக்கம் பழையதை அழித்துப் புதியதை அடிக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு பேக்ஸ்பேஸ் குறைந்தாலும் சொல்லின் வால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முதல் வேலை பரிந்துரை, ஆட்டோகரெக்ட், சைகைத் தட்டச்சு மூன்றையும் அணைப்பதுதான்.

அடுத்தது ஸ்கேன்கோடு. ஆர்டிபி எழுத்தை இரண்டு விதமாக அனுப்பலாம்: யூனிகோட் எழுத்தாக, அல்லது விசை இருக்கும் இடத்தின் எண்ணாக (இதுதான் ஸ்கேன்கோடு). யூனிகோடில் எழுத்து அப்படியே போகும், ஆனால் குறுக்குவிசைகளைக் கவனிக்கும் சில நிரல்கள் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்கேன்கோடில் குறுக்குவிசை வேலை செய்யும், ஆனால் இரு பக்கமும் ஒரே லேஅவுட் (விசைகளின் அமைப்பு) இருக்க வேண்டும். அமெரிக்க லேஅவுட்டில் ஷிஃப்ட்டும் 2-உம் சேர்ந்தால் ‘@’. பிரிட்டன் லேஅவுட்டில் அதே விசை இரட்டை மேற்கோள் குறி. பூட்டிய திரையில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் தப்பு எங்கே என்றே புரியாது. விண்டோஸ் 11-இன் புதிய நிறுவல்களில் பத்துத் தவறுக்குப் பின் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும். பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

தமிழில் எழுதுவது இன்னும் கஷ்டம். ஃபோனின் ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் முதலில் ‘க்’ வந்து, அடுத்த எழுத்தை அடித்ததும் அது ‘கொ’ என்று மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பக்கம் ஓர் அழிப்பு. வேகமாக அடித்தால் புள்ளிகள் அநாதையாகத் தொங்கும். இரண்டு வழிகள்தான் ஒழுங்காக நடக்கின்றன. ஃபோனில் ஆங்கிலக் கீபோர்டு, ஸ்கேன்கோடு ஆன், விண்டோஸில் தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்பு என்று வைப்பது ஒன்று. ஆனால் விசை இடம் மனப்பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோனின் குறிப்பேட்டில் எழுதி, கிளிப்போர்டு பகிர்வை ஆன் செய்து ஒட்டுவது. நீளமாக எழுத நான் எப்போதும் இரண்டாவதையே செய்கிறேன்.

இத்தனைக்கும் மேலே, கீபோர்டு எழுந்ததும் பாதித் திரையை மறைத்துவிடும். நீங்கள் எழுதும் வரி சரியாக அதற்குக் கீழேதான் இருக்கும். ஃபோனை நெட்டுக்குப் பிடித்துப் பாருங்கள். 1080×2400 திரையில் 4:3 அளவுத் திரை 810 பிக்சல் உயரம்தான் பிடிக்கும், கீழே கீபோர்டுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். 800×600 வைத்தால் எழுத்தும் ஓரளவு படிக்க முடியும். அழகாக இருக்காது, ஆனால் அடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஓடிபி எடுக்க வேறு ஆப்புக்குப் போய் வருவதற்குள் இணைப்பு அறுவதும் உண்டு. ஆண்ட்ராய்டில் ரிமோட் டெஸ்க்டாப் ஆப்புக்கும் விபிஎன் ஆப்புக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் குறையும். ஐஃபோன் பின்னணிக்குப் போன ஆப்பைச் சீக்கிரமே நிறுத்திவிடும், அதற்கு மருந்தில்லை.

படம், வேகம், பாதுகாப்பு மூன்றிலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரீஸ்டார்ட் கொடுக்க, ஒரு கோப்பை எடுத்து அனுப்ப, ஓடும் வேலை முடிந்ததா என்று பார்க்க ஃபோன் போதும். பத்து வரி எழுத வேண்டிய வேலைக்கு டேப்லெட்டும் புளூடூத் கீபோர்டும் இருந்தால் இறங்குங்கள். அப்போதும் ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் டேப்லெட்டின் ஆப்தான் மாறும். கணினிக்கு அது போய்ச் சேராது.