இரண்டாவது பேட்டரி: ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?
ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஃபோர் வீல் டிரைவில் நாள்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும், காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆக வேண்டும். அதனால்தான் ஃப்ரிட்ஜுக்கென்று இரண்டாவது பேட்டரி; வண்டி ஓடும்போது அதைச் சார்ஜ் செய்ய ரிலே அல்லது டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

ரிலே என்பது வோல்டேஜைப் பார்த்துத் தானாகவே வேலை செய்யும் சுவிட்ச்; விலை குறைவு. பெரும்பாலும் 13.3 வோல்ட்டில் இரண்டு பேட்டரியையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். பழைய டீசல் வண்டி, பானெட்டுக்குள்ளேயே லெட்-ஆசிட் பேட்டரி என்றால் இதுவே போதும்.

சிக்கல் புது வண்டிகளில்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர்; எரிபொருளை மிச்சம் பிடிக்க ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் குறைக்கும், ரிலே பிரிந்துவிடும்; நாள் முழுக்க ஓட்டியும் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். பேட்டரி டிக்கியில் இருந்தால் நீள ஒயரிலும் வோல்டேஜ் போகும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: முன்னால் 14.1 இருந்தால் பின்னால் 13.5 மட்டுமே காட்டலாம். டிசி-டிசி சார்ஜர் அதை 14.4-க்கு ஏற்றிக் கொடுக்கும். லித்தியம் பேட்டரிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எதைப் போட்டாலும் ஒயரின் இரு முனையிலும் பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ் வையுங்கள். இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வரும்.