பழைய அத்திவாரம் அளந்து தரும் சேவை: மட்டக்களப்பில் எப்படி இருக்கிறது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பத்தை வெட்டும்போது மண்ணுக்குள் செங்கல் வரிசை ஒன்று தெரிந்தால், அன்று பின்னேரமே "பழைய கோயில்" என்ற கதை ஊருக்குள் பரவிவிடும். அப்படியான அத்திவாரங்களைத் தோண்டாமல் அளந்து வரைபடம் தருகிற, மட்டக்களப்பு நகரிலிருந்து வரும் ஒரு சிறிய குழுவின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அளவை வேலை நல்ல வேலை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் அப்படியே வாங்கி வைக்கக் கூடாது.

20 மீற்றர் சதுரமாகக் கட்டம் போடுகிறார்கள். 3-4-5 முக்கோணத்தால் மூலை பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளக்கிறார்கள், 28.28 மீற்றர் வராவிட்டால் முளையைப் பிடுங்கி மறுபடி அடிக்கிறார்கள். வெளியே தெரியும் செங்கற்களை ஒவ்வொன்றாக 1:20 அளவில் வரைகிறார்கள். உடைந்த கல்லும் முழுக்கல்லும் படத்தில் வேறுபட்டுத் தெரிகின்றன. ட்ரோன் படங்களைக் காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுக்கிறார்கள். நான்கு விரல் உயர மேடுகூட நிழலாக விழுகிறது.

கவனிக்க வேண்டியது மண்ணின் மின்தடை அளவை, அதாவது நிலத்தில் உலோக முனைகளைக் குத்தி, மின்சாரத்துக்கு மண் எவ்வளவு தடை கொடுக்கிறது என்று பார்ப்பது. கேட்காவிட்டால் 1 மீற்றருக்கு ஒரு வாசிப்புத்தான் எடுப்பார்கள், அதாவது ஒரு சதுரத்தில் 400. 60 சென்ரிமீற்றர் அகலமான சுவர் அந்த இடைவெளிக்குள் ஒளிந்துவிடலாம். அரை மீற்றருக்கு ஒன்றாக 1,600 வாசிப்பு கேளுங்கள். வேலை ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை. நகரும் முனைகள் அரை மீற்றர் இடைவெளியில் இருந்தால் நிலையான முனைகள் குறைந்தது 15 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். வளவு சிறிதென்று கிட்டக் குத்தினால் வாசிப்பு சரிந்துகொண்டே போகும்.

சுவர் இருக்கும் இடத்தில் தடை கூடும். கிணறு கட்டவோ வீடு கட்டவோ யாராவது கல்லைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால், அந்தக் குழியில் மெத்தென்ற மண் நிறைந்து தடை குறையும். புல்லும் அப்படித்தான்: கோடையில் சுவருக்கு மேலே முதலில் காயும், கல் கிளப்பிய குழிக்கு மேலே பச்சையாக நிற்கும். இரண்டுமே சுவர்க் கோடுதான். குழுவின் படத்தில் தடை கூடிய கோடுகளை மட்டும் சுவர் என்று குறித்திருப்பதால் கட்டடத்தின் பாதி காணாமல் போகிறது. வாவிக்கரை உப்பு மண்ணில் இந்த வேறுபாடே மங்கிவிடும். மாரி மழை விட்ட கையோடு அளக்கவும் வேண்டாம்.

இனிக் கடைசிப் பக்கம். கிழக்கு மேற்காக நீண்ட செவ்வகம், ஒரு முனை வளைவு என்றதும் "மத்தியகாலக் கிறிஸ்தவச் சிற்றாலயமாக இருக்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அந்த அடையாளம் சரி: பலிபீடம் கிழக்கில், அந்த முனை ஒடுங்கியோ அரைவட்டமாகவோ முடியும், மக்கள் கூடும் பகுதி மேற்கில். இங்கே போர்த்துக்கேயர் வந்ததே 1505இல். மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் கட்டியது 1628 அளவில். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயருக்கு முந்திய கிறிஸ்தவத் தடயம் என்றால் 1912இல் கிடைத்த கற்சிலுவையைச் சொல்லலாம், அதுவும் அநுராதபுரத்தில்.

வளைவு எந்த முனையில் என்று முதலில் பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கிய சைவக் கோயிலில் வாசல் கிழக்கே, மூலஸ்தானம் மேற்கே. படுத்த யானையின் பின்புறம்போல வளையும் தூங்கானை மாடமும் அப்போது மேற்கு முனையில்தான் வரும். வளைவு கிழக்கிலும் வாசல் மேற்கிலும் இருந்தால் தேவாலயம் என்ற பேச்சுக்கு இடம் உண்டு. ஆனால் பிற்காலத் தேவாலயங்கள் தெருவைப் பார்த்தும் கட்டப்பட்டதால் திசை ஒன்றை மட்டும் நம்ப முடியாது. மூலஸ்தான வடசுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகிக் கல்லோ அது இருந்த வெட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். வாசற்படியில் சந்திரவட்டக்கல் என்ற அரைவட்டப் படிக்கல் கிடந்தால் கதை வேறு, அது பௌத்தக் கட்டடமாகவும் இருக்கலாம். தீகவாபியும் லகுகலை மகுல் மகா விகாரையும் இருக்கிற அம்பாறைப் பக்கத்தில் பௌத்தக் கட்டடத்தையும் மனதில் வைக்காமல் அளக்கக் கூடாது.

சாந்தைப் பற்றிய குறிப்பும் பிழை. வினாகிரி விட்டதும் நுரைத்தது, ஆகவே பழையது என்கிறார்கள். சுண்ணாம்பும் நுரைக்கும், முருகைக்கல்லும் நுரைக்கும், பழகிய சீமெந்தும் ஓரளவு நுரைக்கும். உதிர்ந்து கிடக்கும் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: சரியாக வேகாத சிப்பித் துணுக்கு அரிசிக்குறுணல் அளவில் வெள்ளையாகத் தெரிந்தால் சிப்பிச் சுண்ணாம்பு. அது செய்முறையைச் சொல்லும், நூற்றாண்டைச் சொல்லாது. செங்கல்லின் அளவும் தனியே போதாது. இடிந்த கட்டடத்துக் கல்லைக் கழற்றிப் புதிதாகக் கட்டுவது எல்லாக் காலத்திலும் நடந்தது. குறைந்தது இருபது முழுக்கற்களின் நீளம், அகலம், தடிப்பைத் தனி அட்டவணையாகக் கேளுங்கள்.

குழுவை அழைக்கும் முன் கிராம சேவகர் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டியது கோயில் நிர்வாகியான வண்ணக்கரோ காணிக்காரரோதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய எச்சங்களைத் தேடி உரிமம் இல்லாமல் அலவாங்கு போடுவது குற்றம். ஒரு மூலையை மட்டும் கிளறிப் பார்ப்பதும் அதில் அடங்கும்.

பணம் கொடுக்கும்போது அச்சிட்ட படத்தோடு மின்தடை வாசிப்புகளின் மூலக் கோப்பையும், முளை அடித்த இடங்களின் அளவுகளையும், வடக்குக் குறி உண்மை வடக்கா காந்த வடக்கா என்ற குறிப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.