சீமை அத்தி என்று வண்டியில் விற்கும் கன்று: இலையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் மழை தொடங்கினால் போதும், ஸ்பீக்கர் கட்டிய வண்டிகளில் மரக்கன்று வியாபாரம் சூடுபிடித்துவிடும். தக்கலைப் பக்கம் அப்படி வந்த வண்டியில் சீமை அத்தியின் ஒரு ரகமான பூனாவைச் சொல்லி, 'பூனா அத்தி, ஆறே மாசத்துல காய்க்கும்' என்று கன்று ஒன்று 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வாங்கிய வீடுகளில் இப்போது நிற்பது நாட்டு அத்தி. கூரையைத் தாண்டிவிட்டது, தண்டில் கொத்துக்கொத்தாகக் காய், பிட்டால் உள்ளே பூச்சி. பில் தரவில்லை. கொடுத்த நம்பரில் யாரும் எடுப்பதில்லை.

விற்கும்போது காம்பைக் கிள்ளி, "பால் வருது பாருங்க, ஒரிஜினல்" என்றார்கள். அது சான்றே இல்லை. ஆல், அரசு, காட்டில் தானாக வளரும் பேயத்தி எல்லாவற்றிலும் பால் வரும்.

பார்க்க வேண்டியது இலை. சீமை அத்தி இலை கைவிரல் விரித்தது போல 3 அல்லது 5 பிரிவாக இருக்கும், தடவினால் சொரசொரக்கும். நாட்டு அத்தி இலை பிரிவில்லாமல் நீளமாக, வழுவழுப்பாக இருக்கும். பேயத்தியில்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள், அதுவும் சொரசொரப்புதான். ஆனால் பேயத்தியில் இலைகள் ஜோடியாக எதிரெதிரே வரும், சீமை அத்தியில் மாறி மாறி வரும். போத்து (வெட்டிய கிளைக்குச்சி) நட்டு வளர்த்த கன்றில் முதல் ஓரிரு இலை பிரிவில்லாமல் வரலாம். அதனால் நான்கைந்து இலையாவது விட்ட கன்றைப் பாருங்கள்.

வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கும் என்பதால் நாட்டு அத்தி மேல் சீமை அத்தியை ஒட்டுவதும் உண்டு. அது மோசடி இல்லை. ஆனால் மேலே ஒட்டிய குச்சி பட்டுப்போய், ஒட்டுக்குக் கீழே துளிர்த்த நாட்டு அத்தியையும் அதே விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

வேரே விடாத போத்தையும் விற்கிறார்கள். குச்சியில் இருக்கும் சத்தை வைத்தே நான்கு இலை வந்துவிடும், வீட்டுக்கு வந்ததும் வாடிவிடும். அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள், மண்ணுக்குள் லேசாக ஆடினால் வேண்டாம். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிய வேண்டும்.

'ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு சேர்த்து வைங்க' என்பதும் பொய். பூனா ரகம் மகரந்தம் இல்லாமலே காய்க்கும். நாட்டு அத்திக்குள் வாழ்ந்து மகரந்தம் சேர்க்கும் குளவி வேறு இனம், சீமை அத்திக்கு அதனால் பயன் இல்லை.

நல்ல கன்றே கிடைத்தாலும் நம்மூரில் இரண்டு பருவமழை. அதனால் தண்ணீர் தேங்காத மேட்டில், முழு வெயிலில் வையுங்கள். வாழை நின்ற இடத்தில் நூற்புழு இருக்கலாம், அங்கே வேண்டாம். இலையின் அடியில் பழுப்புப் பொடி தெரிந்தால் துரு நோய். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிட்டு 1% போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடியுங்கள்.

பில்லில் 'சீமை அத்தி, பூனா ரகம்' என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். அதற்கு 2 ஆண்டுதான் கெடு. காய்க்கட்டும் என்று காத்திருக்காமல், இலை விரிந்ததுமே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.