குடலை விரிக்கக் காற்றா, கார்பன் டை ஆக்சைடா?

பெருங்குடல் காலியாக இருக்கும்போது காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடக்கும். விரிக்காவிட்டால் கொலோனோஸ்கோபியில், அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையில், மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) கண்ணில் படாது. குழாயின் கைப்பிடியில் உள்ள வால்வின் சின்ன ஓட்டையை மருத்துவர் விரலால் மூடினால் போதும், முனை வழியே வாயு உள்ளே போகும். எந்த வாயு என்பதில்தான் வழக்கு.

அறைக் காற்றுக்குத் தனிச் செலவில்லை, பம்ப் கருவியிலேயே இருக்கிறது. ஆனால் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். குடல் சுவர் அதை லேசில் உறிஞ்சாது. மருத்துவர் உறிஞ்சி எடுத்தது போக மிச்சம் வெளியேற ஒரே வழிதான், எது என்று சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை முடிந்து, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்த அவஸ்தை நன்றாகத் தெரியும்.

கார்பன் டை ஆக்சைடைக் குடல் நைட்ரஜனைவிட ஏறக்குறைய 160 மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், பின்வழியே போக வேண்டியது மூச்சோடு போய்விடுகிறது. அடுத்த சில மணி நேரத்து உப்புசமும் பிடிப்பும் வெகுவாகக் குறையும். என் ஓட்டு இதற்குத்தான்.

அதற்காக அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். குடல் விரிவதும் உள்ளே தெரிவதும் இரண்டிலும் ஒன்றுதான். குழாயை உள்ளே தள்ளும்போது வரும் வலி பெரும்பாலும் குழாய் வளைந்து குடலை இழுப்பதால் வருவது. அந்த இடத்தில் வாயுவுக்குப் பதில் தண்ணீர் செலுத்திப் போகும் முறை கைகொடுக்கும், என்ன, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இன்னொன்று, தீ. குடலில் ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டு, காற்றில் ஆக்சிஜன் உண்டு. மின்சாரத்தால் பாலிப்பை வெட்டும்போது இவை சேர்ந்தால் வெடிக்கலாம். 1950களிலேயே கார்பன் டை ஆக்சைடைச் சிலர் பரிந்துரைத்தது இந்தப் பயத்தால்தான். இப்போது குடலை நன்றாகச் சுத்தம் செய்துவிடுவதால் அது அபூர்வம்.

சரி, குறையே இல்லையா? சிலிண்டரும் அழுத்தம் சீராக்கும் கருவியும் தனியாக வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோயால் ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்குபவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், சிலிண்டரைத் திறந்துவிட்டுக் கருவியின் காற்றுப் பம்பை அணைக்க மறந்தால் இரண்டும் கலந்துதான் உள்ளே போகும்.