மெதுவான குவெரியைப் பிடிக்க லாக் நல்லதா, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நல்லதா?

ஏலக்காய் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருளைப் பராமரிப்பது என் பிழைப்பு. வாடிக்கையாளர்களில் சிலர் போடியில் இருக்கிறார்கள், மற்றவர்கள் மலைக்கு மேலே குமுளி, கட்டப்பனைப் பக்கம். போடியிலோ புற்றடியிலோ ஏலம் நடக்கும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் லாட் (ஏலத்துக்கு வந்த சரக்குத் தொகுதி) பட்டியலைத் திறப்பார்கள். "தம்பி, திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று போன் வருவதும் அன்றைக்குத்தான். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். தாமதப்படுத்தும் குவெரியை, அதாவது மென்பொருள் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, தேட அதில் இரண்டு வழிகள் உண்டு. நான் இப்போது பெரும்பாலும் இரண்டாவதையே நம்புகிறேன்.

முதல் வழி லாக், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. 'லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்' என்ற அமைப்பில் 500 (மில்லி வினாடி) என்று கொடுத்தால், அரை வினாடியோ அதற்கு மேலோ எடுக்கும் குவெரிகள் பதிவாகும். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, அமைப்புகளை மட்டும் மீண்டும் படிக்கச் சொல்லும் ரீலோட் போதும். மாதக் கணக்கு அறிக்கை போன்ற பெரிய குவெரி அழுத்துகிறதென்றால் இதிலேயே சிக்கிவிடும்.

லாட் பட்டியல் அப்படிச் சிக்காது. அந்தத் திரை முதலில் லாட்டுகளை எடுக்கிறது. பிறகு ஒவ்வொரு லாட்டுக்கும் விவசாயியின் பெயரைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரு கேள்விக்கு 2 மில்லி வினாடி, திரையில் 400 லாட் என்று வையுங்கள்: 800 மில்லி வினாடி. இருபது பேர் சேர்ந்து திறந்தால் சர்வர் மூச்சுத் திணறும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட 500-ஐத் தொடாது. வாடிக்கையாளர் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார், லாக் காலியாகக் கிடக்கும். வரம்பைப் பூஜ்யமாக்கினால் எல்லாமே பதிவாகும். வட்டு வீங்கும், எழுதுகிற வேலையே ஏல நாளில் இன்னொரு சுமையாகும்.

இரண்டாவது வழி பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சி. இது ஒரே வடிவக் குவெரிகளை ஒரு பட்டியலில் ஒரே வரியாகச் சேர்த்து, எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம், சராசரி எவ்வளவு என்று காட்டும். மொத்த நேரத்தை இறங்குவரிசையில் அடுக்கினால் அந்தப் பெயர் குவெரி முதல் வரியிலேயே நிற்கும். சராசரி அற்பமாக இருக்கும், ஓடிய எண்ணிக்கையோ கண்ணைக் குத்தும். இதற்கு, வரியை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் மருந்தல்ல. பிரைமரி கீ ஏற்கெனவே இருக்கிறது, அதுவே ஓர் இண்டெக்ஸ்தான். இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் ஜாயின் போட்டு ஒரே குவெரியாக்குவதுதான் தீர்வு. பிஜி ஸ்டாட் பட்டியல் காட்டுவது சர்வருக்குள் ஆகும் நேரம் மட்டுமே. கட்டப்பனையில் இருக்கும் கணினிக்கும் சர்வருக்கும் இடையே 400 முறை போய்வருவது அதில் சேராது. ஆகவே பயனருக்குக் கிடைக்கும் மிச்சம் பட்டியலில் தெரிவதைவிட அதிகம்.

குறைகளும் உண்டு. குவெரியில் வியாபாரியின் எண் போன்ற மதிப்பு இருந்த இடத்தில் $1 என்றுதான் இருக்கும். லட்சக்கணக்கான வரிகள் உள்ள ஒரு பெரிய வியாபாரிக்கு மட்டும் குவெரி திணறினால், சராசரி அதை மூடிவிடும். அதிகபட்ச நேரம் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் ஆள் யார் என்று லாக்தான் சொல்லும். எந்த மணிக்கு நடந்தது என்பதும் பட்டியலில் இராது. அதனால் ஏல நாள் காலையில் கணக்கை ரீசெட் செய்துவிடுகிறேன். நிறுவும்போது சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தாக வேண்டும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 'டோட்டல் டைம்' என்ற பத்தி 'டோட்டல் எக்ஸெக் டைம்' ஆனது. இணையத்தில் கிடைக்கும் பழைய குவெரிகள் அதனால்தான் பிழை காட்டும். வழக்கமான அமைப்பில் இது 5000 வடிவங்கள் வரைதான் வைத்திருக்கும். என் மென்பொருள் அந்த எல்லையை நெருங்கியதில்லை என்பதால் அங்கே எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

மைஎஸ்க்யூஎல்லில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ஸ்லோ குவெரி லாக்கின் இயல்பான வரம்பு 10 வினாடி. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் இதுபோன்ற தொகுப்புப் பட்டியல் உண்டு.

என் சர்வர்களில் இப்போது பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எப்போதும் ஓடுகிறது, லாக் 2 வினாடி வரம்பில் துணைக்கு இருக்கிறது. மறுதொடக்கத்துக்கு அனுமதி கிடைக்காத இடத்தில், நெரிசலான ஒரு மணி நேரத்துக்கு மட்டும் லாக்கைப் பூஜ்யத்தில் வைத்து, லாக்கைத் தொகுத்துக் காட்டும் பிஜிபேட்ஜர் என்ற கருவியில் போட்டுப் பாருங்கள். வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.